பெங்களூர் ஸ்காட்லாந்து கர்க்கும் குழாய் ஆர்கனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் கப்பன் ரோட்டில் உயரமான கோபுரத்தோடு நிற்கிறது செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயம். ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டியது. அவர்கள் பேச்சில் ஆலயத்துக்குப் பெயர் 'கர்க்'. நான் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு தமிழ்ச் சபையின் குவையரில் (பாடகர் குழுவில்) பாடுகிறவன். அல்சூர், காக்ஸ் டவுன், பிரேசர் டவுன் பக்கத்து நம் ஆட்கள் அந்த ஆலயத்தின் ஆர்கனைக் கேட்டுவிட்டு வந்தால் என்னிடம் கேட்பதற்கு நிறைய வைத்திருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே பதிலோடு எழுதி வைக்கிறேன்.

குழாய் ஆர்கன் என்பது பெரிய ஆர்மோனியம்தானே?

இல்லை. ஆர்மோனியத்திலும் சுருதிப்பெட்டியிலும் சத்தம் போடுவது சின்னப் பித்தளை நாக்குகள். குழாய் ஆர்கனில் பெரும்பாலான சத்தம் புல்லாங்குழல் வழியில் பிறக்கிறது. குழாயின் அடியில் ஒரு வாய் வெட்டியிருக்கும். காற்று அதன் உதட்டில் மோதும்போது குழாய்க்குள் இருக்கும் காற்று அதிரும். நாக்கு வைத்த குழாய்களும் உண்டு, அவை ஓபோ, டிரம்பெட் போன்ற குரல்களுக்கு. நாதஸ்வரத்துக்குச் சீவாளி போல அவற்றுக்குப் பித்தளை நாக்கு.

ஒரு குழாய்க்கு ஒரே ஒரு சுரம்தான். விரலை மாற்றி வேறு சுரம் எடுக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு குழாய் வேண்டும். கட்டைகள் 56 என்றால் ஒரு குரலுக்கு 56 குழாய். அந்தக் குரலைத் திறக்கவும் மூடவும் வாசிப்பவரின் இரு பக்கமும் இருக்கும் இழுப்புக் குமிழ்களுக்கு 'ஸ்டாப்' என்று பெயர். பத்து ஸ்டாப் உள்ள ஒரு சாதாரண ஆர்கனிலேயே ஐந்நூறு குழாய்க்கு மேல் இருக்கும். முன்னால் வரிசையாக மின்னுவது அதில் ஒரு சிறு பங்கு. மீதியெல்லாம் உள்ளே இருட்டில் நிற்கும். எட்டடி உயரக் குழாயும் இருக்கும், பேசும் பகுதி ஓர் அங்குலமே உள்ள குழாயும் இருக்கும்.

'பிரெஸ்பிட்டீரியன்' என்றால்?

இந்த ஆலயத்தைக் கட்டிய ஸ்காட்லாந்துக்காரர்களின் சபை மரபு அது: மூப்பர்கள் ஆளும் சபை. மூப்பரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். பிஷப் கிடையாது. 1560இல் சீர்திருத்தப் போதகர் ஜான் நாக்ஸ் காலத்தில் ஸ்காட்லாந்து இந்த வழிக்கு வந்தது. ஆலயத்துக்குள் எல்லார் கண்ணும் போகும் இடம் பிரசங்க பீடம்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆர்கனை வெறுத்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சீர்திருத்தக் காலத்தில் ஜெனீவாவில் சீர்திருத்தத் தலைவர் கால்வின் வகுத்த முறைப்படி, ஆராதனையில் சபை முழுவதும் சேர்ந்து 'சங்கீதங்கள்' என்ற வேதாகமத் துதிப்பாடல்களைப் பாட வேண்டும், வாத்தியம் வேண்டாம். அதற்கு முன் பல இடங்களில் பாடியவர்கள் குருமாரும் பாடகர் குழுவும்தான், ஜனங்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பாட்டை ஜனங்களின் வாய்க்குத் திருப்பிக் கொடுத்ததுதான் கால்வின் செய்த காரியம். ஸ்காட்லாந்து அதை அப்படியே பிடித்துக்கொண்டது. பீடத்துக்குக் கீழே ஒருவர் எழுந்து நின்று ஒரு வரி பாடுவார், சபை அதை வாங்கித் திருப்பிப் பாடும். ஓதுவார் ஒரு அடி பாட, அடியார்கள் பின்தொடர்வதை நினைத்துக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாதவருக்கும் அதில் இடம் இருந்தது.

ஆர்கன் வந்தால் இந்தப் பாட்டை அமுக்கிவிடும் என்பது அவர்கள் பயம். வேதத்திலிருந்தும் வாதம் இருந்தது: எருசலேம் தேவாலயத்து வாத்தியங்கள் பலி முறையோடு சேர்ந்தவை, புதிய ஏற்பாட்டுச் சபைக்கு அவை சொல்லப்படவில்லை என்றார்கள். எதிர்த்தரப்பு 150ஆம் சங்கீதத்தைக் காட்டியது. நம் தமிழ் வேதாகமத்தில் 'தீங்குழல்' என்று வரும் இடத்தில் பழைய ஆங்கில வேதாகமத்தில் இருப்பது 'ஆர்கன்' என்ற சொல். 'தீங்குழல்' அதைவிட அழகான சொல் என்பது என் எண்ணம்.

ஆர்கனுக்கு ஸ்காட்லாந்தில் ஒரு பட்டப்பெயரும் வைத்திருந்தார்கள். அதன் பொருள் 'விசில் பெட்டி'. 1807 ஆகஸ்ட் 23, ஞாயிற்றுக்கிழமை. கிளாஸ்கோ நகரத்துச் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்தில் (பெங்களூர் ஆலயத்துக்கும் அதே பெயர்) வில்லியம் ரிச்சி என்ற போதகர் ஆராதனையில் ஆர்கனை வாசிக்கவிட்டார். நகரத் தலைவரே ஆட்சேபித்தார். வட்டார மூப்பர் சபை கூடி, இது நாட்டின் சட்டத்துக்கும் சபையின் சட்டத்துக்கும் விரோதம் என்று தீர்மானித்தது. ஆர்கன் வாயை மூடியது. ரிச்சி அப்புறம் எடின்பரோவுக்கு மாறிப் போனார். அவர் முதுகில் ஒரு ஆர்கனைச் சுமந்துகொண்டு ஊரைவிட்டுப் போவதுபோல் கேலிச் சித்திரமே வந்தது.

ஸ்காட்லாந்து சபையில் ஐம்பது வருடத்துக்கு மேல் யாரும் மறுபடி துணியவில்லை. 1863இல் எடின்பரோ கிரேஃப்ரயர்ஸ் ஆலயத்தில் ராபர்ட் லீ என்ற போதகர் ஆர்மோனியத்தைக் கொண்டுவந்தார். நம் பஜனை மடங்களில் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியத்தின் மூத்த அண்ணன் அது, பாரிஸில் 1840களில் டெபெய்ன் என்பவர் உரிமம் வாங்கிய வாத்தியம். இரண்டு வருடம் கழித்து அதே ஆலயத்தில் குழாய் ஆர்கனே வந்தது. ஸ்காட்லாந்து சபையின் பொதுப்பேரவையில் வருடா வருடம் கடும் வாதம். லீ நிம்மதியாகவே இருக்கவில்லை, 1868இல் இறந்தும் போனார். ஆனால் 1860களின் நடுவிலேயே தடை தளர்ந்துவிட்டது. பிரிந்துபோயிருந்த ஐக்கிய பிரெஸ்பிட்டீரியன் சபை 1872இலும், சுயாதீன சபை 1883இலும் ஆர்கனை அனுமதித்தன.

வாத்தியமே இல்லாமல் சங்கீதம் பாடும் பிரெஸ்பிட்டீரியன் சபைகள் இன்றும் உண்டு. அதைக் கேட்டுப் பாருங்கள், எதிர்த்தவர்களும் வெறும் பிடிவாதக்காரர்கள் இல்லை என்று புரியும்.

அப்படியானால் பெங்களூர் கர்க் ஆர்கன் இல்லாமலா திறந்தது?

வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கப்பன் ரோட்டு ஆலயத்துக்கு அடிக்கல் போட்டது 1864 நவம்பரில். திறந்தது 1866 நவம்பரில். எடின்பரோவில் ஆர்கன் சண்டை உச்சத்தில் இருந்த அதே இரண்டு வருடங்களில்தான் இங்கே சுவர் எழும்பியது. ஆர்கன் வந்தது 1881இல். இடையில் பதினைந்து வருடம். அதற்குள் தாய்நாட்டில் காற்று திசை மாறிவிட்டது.

சென்னைக்காரர்கள் எழும்பூர் கர்க்கைப் பார்த்திருப்பீர்கள், வட்டமான மாடமும் நீல நிற உள்கூரையும் கொண்டது. அது திறந்தது 1821இல். அங்கே ஆர்கன் வந்தது 1883இல்தான். இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்தில் பீட்டர் கோனாக்கர் நிறுவனம் செய்தது. அறுபது வருடம் ஆர்கன் இல்லாமலேயே அந்தப் பெரிய ஆலயம் ஆராதனை நடத்தியிருக்கிறது. பணம் இல்லை என்பதால் மட்டும் இருக்காது என்றே நினைக்கிறேன்.

அவ்வளவு பெரிய வாத்தியம் அந்தக் காலத்தில் எப்படி வந்தது?

பிரித்துத்தான். தொழிற்சாலையில் ஒருமுறை முழுதாக நிறுத்தி, வாசித்துப் பார்த்து, அப்புறம் குழாய் குழாயாகக் கழற்றிப் பெட்டிகளில் அடுக்கி அனுப்புவார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கப்பல் பயணம் சுருங்கியது. பெங்களூர் கன்டோன்மென்டுக்கு ரயில் வந்தது 1864இல், கர்க்குக்கு அடிக்கல் போட்ட அதே வருடம். அதற்கு முன்பென்றால் மதராஸிலிருந்து மாட்டு வண்டியில்தான் எட்டடிக் குழாய் வந்திருக்க வேண்டும். அந்தக் குழாய்களின் உலோகம் ஈயமும் வெள்ளீயமும் கலந்தது. நகத்தால் கீறினால் கோடு விழும் அளவுக்கு மென்மை.

கரண்ட் இல்லாத நாளில் காற்று எங்கிருந்து வந்தது?

ஆள் அடித்தார். பெங்களூரில் தெருவிளக்குக்கு மின்சாரம் வந்ததே 1905இல். அதற்கு முன் வந்த ஆர்கன் எதுவானாலும் பக்கவாட்டில் ஒரு மரக் கைப்பிடி இருக்கும். அதை ஏற்றி இறக்கினால் உள்ளே பெரிய துருத்தி நிரம்பும். துருத்தியின் மேல் பாரம் வைத்திருப்பார்கள், காற்று ஒரே சீரான அழுத்தத்தில் குழாய்களுக்குப் போக.

என் தாத்தா சிறுவயதில் கன்டோன்மென்டில் ஒரு ஆலயத்தில் இந்த வேலை பார்த்தவர். துருத்திக்குக் காற்றடிக்க மின் மோட்டார் போட்ட பின்னும் கரண்ட் நின்றால் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு நூலில் சின்ன ஈயக்குண்டு தொங்கும். சுவரில் இரண்டு கோடு. துருத்தி நிறைய நிறைய குண்டு நகரும். இந்தக் கோட்டைத் தாண்டினால் காற்று தீரப்போகிறது, அந்தக் கோட்டைத் தாண்டினால் அதிகமாக அடிக்கிறாய் என்று பொருள். பாட்டின் கடைசிச் சரணத்தில் வாசிப்பவர் எல்லா ஸ்டாப்பையும் இழுத்துவிடுவார், அப்போது குண்டு ஓடுகிற வேகம் பார்த்தாலே வயிறு கலங்கும் என்பார். பிரசங்கம் முடியும் தறுவாயிலேயே அடிக்கத் தொடங்கிவிட வேண்டும், பாட்டு எண் சொன்னபிறகு அடித்தால் முதல் சுரம் நோயாளி முனகுவதுபோல் வரும். தொண்ணூறு வயதிலும் அவர் வலது கை அந்த அசைவைச் செய்து காட்டும்.

நம் ஊர்க் காற்றுக்கு இந்த வாத்தியம் தாங்குமா?

கடற்கரை ஊர்களைவிடப் பெங்களூர் மேல். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், உப்புக்காற்று இல்லை, வெயிலும் மிதம். ஆனாலும் தொல்லைகள் உண்டு.

முதலாவது சுருதி. வெப்பம் ஏறினால் குழாய்க்குள் ஒலியின் வேகம் ஏறும், சுருதியும் ஏறும். பத்து டிகிரி வித்தியாசத்துக்கு அரைக் கட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். எல்லாக் குழாயும் சேர்ந்து ஏறினால் பரவாயில்லை. நாக்கு வைத்த குழாய்கள் அந்த அளவுக்கு ஏறாது. அதனால்தான் ஜனவரி காலையில் சேர்ந்திருந்த ஓபோ ஸ்டாப், ஏப்ரல் சாயங்காலத்தில் தனியாகக் காக்கைபோல் கரையும்.

இரண்டாவது மழைக்காலம். மரம் ஊதும். ஒரு கட்டையை விட்டபிறகும் அதன் சுரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும், 'சைஃபர்' என்பார்கள். ஜெபம் நடக்கும்போது அப்படி ஒரு சுரம் மாட்டிக்கொண்டால் அந்த ஸ்டாப்பை மூடுவதைத் தவிர வழியில்லை.

மூன்றாவது எலி. துருத்தியின் மடிப்புகள் ஆட்டுத்தோல், ஒட்டியிருப்பது வஜ்ஜிரம், தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. எலிக்கும் பூச்சிக்கும் இரண்டுமே சாப்பாடு.

சுருதி சேர்க்க வருபவர் தனியாக வேலை செய்ய முடியாது. ஒருவர் கட்டையைப் பிடித்திருக்க வேண்டும், அவர் உள்ளே ஏறிக் குழாயைத் திருத்துவார். ஒருமுறை நான் பிடித்தேன். காலை ஒன்பதிலிருந்து மூன்று மணிவரை. உள்ளே ஆளே தெரியாது, குரல் மட்டும் வரும்: "தம்பி, அப்படியே பிடி. விடாதே. ம்... அடுத்தது." இரண்டு குழாய்கள் கிட்டத்தட்டச் சேரும்போது சத்தத்தில் ஒரு நடுக்கம் இருக்கும், வா-வா-வா என்று. அவர் தட்டத் தட்ட அது வா...வா... என்று நீண்டு, ஒரு இடத்தில் நின்றுவிடும். தம்புரா கூட்டுகிறவர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். இறங்கி வந்தபோது அவர் கையெல்லாம் கருப்பு. குழாயைத் தொட்டுப் பார்க்கலாமா என்றேன். "கையால் தொட்டால் சூடேறும் தம்பி, அரைமணி நேரம் சுருதி பொய் சொல்லும்" என்றார்.

ஆர்கனில் நம் கீர்த்தனைகளை வாசிக்கலாமா?

மெட்டை வாசிக்கலாம். ஆனால் கமகம் வராது. கட்டையை அழுத்தினால் குழாய் ஒரே சுரத்தில் நேராக நிற்கும், வளையாது, அசையாது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வழியில் வந்த கீர்த்தனைகளை ஆர்கனில் கேட்டால் எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் இருக்கும். அதற்கு வயலினும் மிருதங்கமும்தான் சரி.

பாமாலைப் பாட்டுகள் (மேல்நாட்டு மெட்டில் பாடும் தமிழ்த் துதிப்பாட்டுகள்) வேறு. அவை இந்த வாத்தியத்தோடு வளர்ந்த மெட்டுகள். 100ஆம் சங்கீதத்துக்கு நாம் பாடும் பழைய மெட்டு 1551இல் ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் வந்தது. வாத்தியமே வேண்டாம் என்றவர்களின் மெட்டு அது. இன்று எந்த ஆர்கனும் அதை முழங்கித் தீர்க்கிறது, தமிழிலும் கச்சிதமாக உட்காருகிறது. முந்நூறு பேர் சேர்ந்து நாலு வரியும் பாடும்போது காலால் வாசிக்கும் பெடல் குழாய்களின் அதிர்வு பெஞ்சுப் பலகை வழியாக முதுகில் ஏறும். சத்தத்தைக் காதால் கேட்பதற்கு முன் உடம்பு வாங்கிக்கொள்கிறது.

அந்த ஆலயம் இப்போதும் பிரெஸ்பிட்டீரியனா?

இப்போது தென்னிந்தியத் திருச்சபையில், கர்நாடக மத்திய திருமண்டலத்தைச் சேர்ந்தது. 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் சேர்ந்து உருவான திருச்சபை இது. பிஷப் வேண்டாம் என்றவர்களும் பிஷப்பை விடாதவர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள்.

எலக்ட்ரானிக் ஆர்கன் வாங்கினால் போதாதா? விலையும் குறைவு, சுருதியும் கலையாது.

சின்னச் சபைக்குப் போதும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏற்கெனவே குழாய் ஆர்கன் இருக்கும் சபை அதை ஓரங்கட்டிவிட்டு இதை வாங்குவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எலக்ட்ரானிக் பெட்டி சில வருடங்களில் பழசாகும், ஒரு சர்க்யூட் போனால் உதிரி கிடைக்காது. குழாய் ஆர்கனில் இருப்பதெல்லாம் மரம், தோல், ஈயம், கம்பி. நல்ல தச்சரும் பொறுமையும் இருந்தால் நூற்றைம்பது வருடம் கழித்தும் சரிசெய்யலாம்.

எங்கள் ஆலயத்தில் பல வருடமாக வாசிக்காத ஆர்கன் ஒன்று இருக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில், எதையும் கழற்றாதீர்கள். இதை நான் வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன். ஒரு ஆலயத்தில் வெள்ளையடிக்க வந்தவர்கள் இடைஞ்சல் என்று குழாய்களை உருவி, வெஸ்ட்ரி அறையில் (போதகர் அங்கி மாற்றும் இடம்) விறகு அடுக்குவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்திருந்தார்கள். அடியில் இருந்தவை நசுங்கி வாய் கோணிவிட்டன. நான் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன், விரல் நீளம்கூட இல்லை. அதன் உடம்பில் செய்தவர் ஆணியால் கீறிய சுர எழுத்து இன்னும் தெளிவாக இருந்தது. எந்தத் துளையில் எது நிற்க வேண்டும் என்பதற்கு அந்தக் கீறல்தான் அடையாளம். தேய்த்து மெருகேற்றுகிறேன் என்று அதையும் அழித்துவிடுவார்கள்.

அப்புறம், கிழிந்த தோலுக்குக் கடையில் விற்கும் வெள்ளைப் பசையைத் தடவாதீர்கள். வஜ்ஜிரத்தை வெந்நீர் காட்டிப் பிரித்தெடுத்து மறுபடி ஒட்டலாம். வெள்ளைப் பசை மரத்தோடு ஏறிவிட்டால் அடுத்து வருபவர் மரத்தையே சீவ வேண்டியிருக்கும். உள்ளே போகும் வயர்களை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பாருங்கள், பழைய மோட்டாரின் பஞ்சுச் சுற்று வயர் தீப்பிடிக்கக்கூடியது. கூரை ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆர்கனுக்குப் பணம் திரட்ட வேண்டும். நன்றாகச் சரிசெய்த ஆர்கன் ஒரே மழையில் நனைந்த கதை எனக்குத் தெரியும்.

பெயர்ப்பலகை, ஸ்டாப் பெயர்கள், உள்ளே பென்சிலால் எழுதியிருப்பவை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். பழைய சபைக் கணக்குப் புத்தகங்களில் 'ஆர்கன் நிதி' என்ற தலைப்பைத் தேடுங்கள், எப்போது வந்தது, யார் திருத்தினார் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். சரியான பின், வாரம் ஒருநாளாவது வாசியுங்கள். காற்று ஓடாத ஆர்கனில் தோல் விறைத்துவிடும், எலி குடியேறும்.

என் மகள் பியானோ படிக்கிறாள். ஆர்கன் கற்க முடியுமா?

தாராளமாக. பெடலுக்குக் கால் எட்ட வேண்டும், அவ்வளவுதான் வயதுக் கணக்கு. பியானோவில் அடித்த சுரம் தானே தேயும், ஆர்கனில் விரலை எடுக்கும்வரை நிற்கும். ஆகவே விரலை எப்போது எடுப்பது என்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

எங்கள் சபையில் வாசிக்கும் அக்கா, ஞாயிறு முழுவதும் வாய்விட்டுப் பாடிக்கொண்டேதான் வாசிப்பார். ஏன் என்று உங்கள் மகளைப் போன்ற ஒரு பெண் கேட்டாள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் தனக்கு எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே கையை எடுக்கிறேன், சபைக்கும் அங்கேதான் மூச்சு வாங்கும் என்றார்.